எல்சியின் அம்மா ஏன் படகேறவில்லை

ஜூன் 19, புதன்

தாரிகாவின் பள்ளிக்கூடத்தில் புது இங்கிலீஷ் மிஸ் வந்திருக்கிறார். பெயர் பெனிட்டா. வந்த வாரமே எல்லாப் பிள்ளைகளும் தினம் டைரி எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில் என்று சொல்லிவிட்டாராம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது? எழுந்தேன், பல் விளக்கினேன், வேனில் ஏறினேன். தாரிகா இரண்டு நாளாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். டைரி என்றால் எப்படி எழுதுவது என்று காட்டலாமே என்று நானே ஒன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் இவர் கடைக்குக் கொடுக்கும் டைரிகளில் இதுவரை சிலிண்டர் மாற்றிய தேதி மட்டும்தான் ஏறியிருக்கிறது.

நான் கலாமணி. ஊர் கோபி. வீட்டுக்காரர் சிவராஜ், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள். டைரிக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. முதல் நாள் என்பதால் மரியாதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

இன்று ஒரு சர்க்குலரும் வந்தது. இந்த டேர்ம் முழுக்க இங்கிலீஷ் வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் தனி மார்க். நூற்றுக்கு அறுபது வராத பிள்ளைகள் காலாண்டு லீவுக்குப் பிறகு சி செக்‌ஷன். சி செக்‌ஷன் என்றால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய கடைசி ரூம். அங்கே போன பிள்ளைகளைப் பற்றி வேன் நிற்கும் இடத்தில் அம்மாக்கள் பேசுகிற பேச்சைக் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். தாரிகா போன வருஷம் இங்கிலீஷில் நாற்பத்தொன்று. அவள் ஏ செக்‌ஷனிலேயே இருக்க வேண்டும். இந்த வருஷம் எனக்கு அது ஒன்றுதான் வேலை.

ஜூன் 24, திங்கள்

மிஸ் ஆளுக்கொரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறார். புத்தகம் வீட்டிலேயே இருக்க வேண்டும். தினம் கொஞ்சம் படித்து, என்ன படித்தோம் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாரம் ஒரு அசைன்மென்ட் வேறு.

தாரிகாவை வேன் ஏற்றிவிட்டு வந்து, புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்றுதான் எடுத்தேன். அட்டை போடுபவள் முதல் பக்கத்தைப் பார்க்காமலா போடுவாள்? ஒரு குளிர் ஊர். எல்சி என்று ஒரு பெண், தாரிகா வயசுதான். படகோட்டும் மாமாவோடு ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் அம்மா இருப்பது அந்தப் பக்கம். அம்மா வேலை செய்யும் ரொட்டிக் கடையின் புகை எல்சிக்கு ஜன்னலில் தெரிகிறது. ஆனால் அம்மா வருவதே இல்லை. ஏன் வருவதில்லை? படகு சொந்தப் படகு. ஓட்டுபவன் கூடப் பிறந்த தம்பி.

தெரியாத வார்த்தைகளை எல்லாம் போனில் போட்டுப் பார்த்தேன். எல்சி காலையில் சாப்பிடுவது நம்ம ஊர்க் கஞ்சி மாதிரி ஒன்று. அதில் சர்க்கரை போடுகிறார்கள். மோர் விட்டு வெங்காயம் கடித்தால் என்ன கேடு என்று தெரியவில்லை.

சமையல் ஆகவில்லை. இவருக்கு மத்தியானம் பழைய குழம்பை ஊற்றினேன். பால் வேறு பொங்கி அடுப்பெல்லாம் ஆனது. அந்த ஸ்டவ்வில் தீயைக் குறைத்தாலும் குறைவதில்லை. ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

தாரிகாவுக்குக் காய்ச்சல், லீவு; பால் மறுபடியும் பொங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்சியின் அம்மாவும் வரவில்லை.

ஜூலை 3, புதன்

முதல் அசைன்மென்ட்: எல்சி தினம் ஜன்னலில் நின்று என்ன நினைப்பாள்? தாரிகா பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் நான் சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கிறது. அதைப் போனைப் பார்த்து இங்கிலீஷாக்கி, பிளஸ் டூவில் படித்ததையும் ஞாபகப்படுத்தித் திருத்தி, ரஃப் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் ஃபேர் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டாள். பிளஸ் டூவில் எனக்கு இங்கிலீஷ் ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பிறகு கல்யாணம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று நோட்டு திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது, கூடவே ஒரு ஸ்டார். சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"பாத்தீங்களா, எங்களுக்கு ஸ்டார் போட்டிருக்குது."

"எங்களுக்குன்னா? யாருக்குப் புள்ள ஸ்டாரு, உனக்கா அவளுக்கா?"

"ஏனுங்க, ரெண்டு வார்த்த சொல்லிக் குடுத்தா குத்தமா? எல்லா வீட்டுலயும்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

"சொல்லிக் குடு, சொல்லிக் குடு. பரீட்சைக்கும் நீயே போயிட்டு வந்துரு" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். இவருக்கு எல்லாமே சிரிப்புத்தான். நாளைக்குப் பிள்ளையைக் கடைசி ரூமில் உட்கார வைக்கும்போது தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

நான் கவனித்த ஒன்று. இந்தப் புத்தகத்தில் இவ்வளவு பேர் வருகிறார்கள். டீச்சர், தபால்காரர், பக்கத்து வீட்டம்மா. ஒருத்தராவது எல்சியிடம் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டுமே! வானம் எப்படி இருக்கிறது என்றுதான் பேசுகிறார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம் போல.

ஆறு பனியில் உறைந்துபோய்விட்டது. இப்போது படகே வேண்டாம், நடந்தே வரலாம். அப்போதும் அவள் வரவில்லை! எனக்குக் கோபமான கோபம். ரொட்டிக் கடை முதலாளி விடவில்லையோ? வேறு கல்யாணம் செய்துகொண்டாளோ? துணி காயப்போடும்போதும் இதே யோசனை.

தாரிகா வந்ததும் வராததுமாக, "ஏஞ்சாமி, ஆறு ஒறஞ்சு போயும் அவ வரல பாரு" என்றேன்.

"நான் இன்னும் அங்க போகலம்மா."

"அதுக்கென்ன, சுருக்கமாச் சொல்லிப்போடறேன், கேளு. நேரம் மிச்சம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். புது வகுப்பு, களைப்பு இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

முடித்துவிட்டேன்! இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நான் படித்து முடித்திருக்கிறேன். மத்தியானம் தனியாக உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, கூரியர்காரர் தவிர யாரும் வரவில்லை. வெங்காயம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால் எல்சியின் அப்பா அந்த ஆற்றில் மூழ்கித்தான் போயிருக்கிறார். அன்றிலிருந்து அவள் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். உறைந்து கிடந்தாலும் பயம். கரை வரைக்கும் வருவாள், நிற்பாள், திரும்பிப் போய்விடுவாள். பிள்ளையிடம் எனக்குப் பயம் என்று சொல்ல வெட்கம். கடைசியில் எல்சியே மாமாவுக்குத் தெரியாமல் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போகிறாள். அங்கே அம்மா நின்றுகொண்டிருக்கிறாள்.

சாப்பிடும்போது தாரிகாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுக்கொண்டே, "கடைசியில என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்து முழுக்கச் சொல்லிவிட்டேன். நன்றாகவே சொன்னேன், இவரே தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். தாரிகா மட்டும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

"எங்க போற? நெய்ச் சோத்த வெச்சுட்டு?"

"போதும்."

"என்ன போதும்?"

"எல்லாமே போதும்மா."

திமிர். என் அம்மாவிடம் நான் இப்படிப் பேசியிருந்தால் அகப்பைதான் பேசியிருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

எல்சி முடிந்துபோய் வீடே வெறிச்சென்று இருக்கிறது. ஸ்டவ்வைப் பார்க்க ஆள் வந்தார். ஸ்டவ்வில் ஒரு கோளாறும் இல்லையாம்.

ஜூலை 24, புதன்

இந்த வாரமும் ஒன்பது. மிஸ் கீழே சிவப்பில் எழுதியிருக்கிறார்: "நன்றாக இருக்கிறது. இந்தக் கதையில் உன்னை எது ஆச்சரியப்படுத்தியது என்று ஒரு நாள் எனக்குச் சொல்." எவ்வளவு நல்ல கேள்வி! எனக்கென்றால் பத்துச் சொல்வேன்.

"நீ என்ன சாமி சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"ஒண்ணுமேவா? அந்தக் கடைசிப் பக்கம்?"

"அதான் முன்னாடியே தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தப் பிள்ளைக்கு எதன் மேலும் ஒரு ஆவலே இல்லை. யாரைக் கொண்டிருக்கிறாளோ தெரியவில்லை. நான் எல்சியை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறேன். வாசித்தவரின் பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பவானியில் தண்ணீர் நிறையப் போகிறது. முளைப்பாரி விட்டு, தேங்காய் உடைத்து, கட்டுச்சோறு சாப்பிட்டோம். தாரிகாவும் இவரும் பரிசலில் ஒரு சுற்றுப் போனார்கள். பாத்திரங்களை யார் பார்ப்பது என்று நான் கரையிலேயே இருந்துகொண்டேன்.

பரிசல் கரைக்கு வரும்போதே அவள் குரல் கேட்டது. பரிசல்காரரை விடவில்லை. பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது, துடுப்பு ஒன்றுதான் என்றால் ஏன் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை, மழைக்காலத்தில் பரிசல் எங்கே தூங்கும். அந்த மனுஷரும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கிய பிறகும் நின்று கேட்டாள். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, "பரிசல்காரர்கிட்ட அவ்வளவு பேசறியே, எங்கிட்ட எதாச்சும் கேக்கறியா?" என்றேன்.

"நீதான் கேக்கறதுக்குள்ளயே சொல்லிப்போடறியே" என்றாள்.

கால் வலி. வாழைப்பழம் மிச்சம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இந்த முறை வந்திருப்பது பெரிய அசைன்மென்ட். நாற்பது மார்க். வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும், பத்துக் கேள்வி. கடைசிக் கேள்வியை மிஸ்ஸே கொடுத்துவிட்டார்: உங்களுக்கு என்ன வேண்டும்? அதைக் கட்டுரையாக்கி, செப்டம்பரில் பெற்றோர்களை அழைக்கும் நாளில் பிள்ளைகள் மேடையில் வாசிக்க வேண்டும். தாரிகா என்னைத்தான் எடுத்திருக்கிறாள். எனக்குள் ஒரு சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வடகத்துக்கு மாவு கிண்டிக்கொண்டே யோசித்து, ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. "என் அம்மா சூரியனுக்கு முன்னால் எழுகிறார். என் அம்மாவின் கைகள் ஓய்வதில்லை. அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். என் கண்ணே, உன் படிப்பைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டாம் என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்." படித்துப் பார்த்தபோது என் அம்மாவே இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இதற்கு நாற்பதுக்கு நாற்பது போடாவிட்டால் அந்த மிஸ்ஸுக்கு மனசே இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

தாரிகா அதை ஃபேர் நோட்டில் எழுத மாட்டேன் என்கிறாள்.

"ஏன், இங்கிலீஷ் தப்பா?"

"தப்பில்ல. நான் எப்பம்மா கேட்டேன்?"

"எத?"

"இந்தக் கேள்வியெல்லாம். நான் எதையுமே கேக்கலியே. நான் உன்னயக் கட்டிப் புடிச்சனா? எப்பப் புடிச்சேன்?"

"கதைக்கு அப்படித்தாங் கண்ணு எழுதோணும்."

"இது கதையில்ல, பேட்டி. நான் கேக்கோணும், நீ சொல்லோணும். ரெண்டையும் நீயே பண்ணிட்டா நான் எதுக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் எழுதிக் குடுக்கலீன்னா இந்நேரம் நீ சி செக்‌ஷன்ல உக்காந்திருப்பே, தெரியுமா? ஒம்போது ஒம்போதா வாங்கறியே, அதெல்லாம் ஆரு மார்க்கு?"

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கே உறைத்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"உன்ற மார்க்குத்தான்" என்றாள். "அதப் பத்தி என்னால யார்கிட்டயும் சொல்ல முடியல. எல்சி கதையும் உன்றதாவே ஆயிருச்சு. எனக்குன்னு அதுல ஒரு பக்கங்கூட இல்ல."

இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இட்லி. சட்னி. யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோகுலாஷ்டமி லீவு. காலையில் தாரிகா ஒரு பேப்பரும் பென்சிலுமாக வந்து என் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "பேட்டி" என்றாள், போலீஸ்காரர் மாதிரி.

அவளே யோசித்த கேள்விகள். சின்ன வயசில் எதற்குப் பயப்படுவாய்? அப்பாவை முதலில் பார்த்தபோது என்ன நினைத்தாய்? (அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்று சொன்னேன். நினைத்ததைச் சொல்லவில்லை.) யார் மேல் உனக்குக் கோபம் அதிகம்? எப்போது கடைசியாகச் சிரித்தாய்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கு வேடிக்கையாக இருந்தது. பதினாலு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதையெல்லாம் என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் இங்கிலீஷில் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டாள். திருத்தக் கை துறுதுறுவென்றது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"கடைசிக் கேள்வி. உனக்கு என்ன வேணும்?"

"நீ நல்லாப் படிக்கோணும்."

"அது எனக்கு. உனக்கு?"

"அப்பாவுக்குக் கடை நல்லா நடக்கோணும்."

"அது அப்பாவுக்கு. உனக்கும்மா?"

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன். மூன்று விசில் வைக்க வேண்டிய பருப்பை ஏழு விட்டிருக்கிறேன், கூழாகிவிட்டது. திரும்பி வந்தபோது பேப்பரும் இல்லை, அவளும் இல்லை. நான் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். புடவை, தோடு, எதையாவது. ஏன் வாய் வரவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 11, புதன்

தாரிகா தானே எழுதியதைக் கொடுத்துவிட்டாள். எனக்குக் காட்டவே இல்லை. என்ன எழுதியிருப்பாளோ என்று எனக்குள் குடைந்தெடுக்கிறது. பள்ளிக்கூடப் பையைத் தொட மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை தொடவில்லை.

இதுவரை வந்த மார்க்கைக் கூட்டிப் பார்த்தேன். எழுதியதில் ஒன்பது ஒன்பதாக வந்தும், வகுப்பில் சத்தமாக வாசிப்பதில் ரொம்பக் குறைவு. இந்த நாற்பதில் பாதியாவது வந்தால்தான் ஏ செக்‌ஷன். எதற்கும் இருக்கட்டும் என்று நான் எழுதிய கட்டுரையை வெள்ளைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன். தாரிகாவின் கையெழுத்து மாதிரியே வந்துவிட்டது.

செப்டம்பர் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாலில் எல்லாப் பெற்றோரும் வந்திருந்தார்கள். இவர் கடையைப் பூட்டிவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாசித்தது. ஒருத்தியின் அம்மா சூரியனுக்கு முன்னால் எழுந்தார். இன்னொருத்தன் அம்மாவும் சூரியனுக்கு முன்னால் எழுந்தார். ஐந்தாறு அம்மாக்களுக்குக் கைகள் ஓயவில்லை. எல்லாருக்கும் பிள்ளையின் படிப்பைத் தவிர எதுவும் வேண்டாம். கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. நான் ஒருத்திதான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாரிகா வந்தாள். மெதுவாக வாசித்தாள், இரண்டு இடத்தில் நின்றே விட்டாள். இங்கிலீஷ் மோசம்தான். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதிவைக்கிறேன்.

"நான் என் அம்மாவைப் பேட்டி எடுத்தேன். அம்மா சின்ன வயதில் மாட்டுக்குப் பயந்தார். இப்போதும் பயப்படுகிறார், ஆனால் அதட்டுகிறார். ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது குக்கரிடம் போய்விட்டார். அதனால் பதிலை நானே பார்த்துக் கண்டுபிடித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாளில் அம்மா என் கதைப் புத்தகத்தைப் படித்தார். படிக்கும்போது அவர் வாய் திறந்திருந்தது. நான் தண்ணீர் கேட்டேன், காதில் விழவில்லை. பால் பொங்கியது, அதுவும் தெரியவில்லை. அம்மாவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குப் புத்தகம் வேண்டும். அவருக்கென்று ஒன்று. எனக்கும் ஒன்று வேண்டும். அதன் முடிவை யாரும் எனக்குச் சொல்லக் கூடாது."

கைதட்டல் பெரிதாக இல்லை. யாரோ சிரித்தார்கள். இவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார், நான்தான் முழங்கையால் இடித்து நிறுத்தினேன். எனக்குக் கண்ணெல்லாம் மறைத்தது. வெட்கமா, கோபமா, சந்தோஷமா என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. இப்போது தெரிகிறது. என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம்தான் அது.

முடிந்ததும் பெனிட்டா மிஸ் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இவர் வெளியே நின்றார், நானும் தாரிகாவும் போனோம். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு.

"மேடம், கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கிலீஷுக்குன்னு மார்க் போட்டா பதினெட்டுக்கு மேல போட முடியல. இவ மத்ததெல்லாம் பிரமாதமா எழுதியிருக்கா, இது மட்டும் ஏன் இப்படின்னு புரியல. ரெண்டு மார்க்குல செக்‌ஷன் போகுது. திங்கக்கிழமைக்குள்ள திருத்தி வேற ஒண்ணு எழுதிக் குடுத்தா வாங்கிக்கறேன்."

ஹேண்ட்பேக் என் மடியில் இருந்தது. ஜிப்பின் மேல் என் கை. திங்கட்கிழமை எதற்கு, இப்போதே கொடுக்கலாம். தாரிகா மிஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசி ரூம், சைக்கிள் ஸ்டாண்டு, வேனுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பையிலிருந்து கையை எடுத்தேன்.

"இன்னிக்கி வாசிச்சதுதானுங்க மிஸ் அவ எழுதுனது" என்றேன். "அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நானுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க. இவ மேல தப்பில்லைங்க. நான் உட்டாத்தானுங்க இவ எழுதுவா."

மிஸ் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மேடம்" என்றார். "எந்த ஏழாங்கிளாஸ் பிள்ளையும் எல்சியோட அம்மாவுக்காக இவ்வளவு வாதாடாது. ஆனா இப்ப நீங்க சொல்லிட்டீங்க. பழைய மார்க்கை எல்லாம் நான் எடுத்துத்தான் ஆகணும். சி செக்‌ஷன்தான்."

"சரிங்க மிஸ்" என்றாள் தாரிகா, எனக்கு முன்னால்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். தோள் மரத்துப்போனது, நான் அசையவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

வேன் நிறுத்தத்தில் விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "சி-யா?" என்று ஒருத்தி இழுத்தாள். "ஆமாங்க, சி-தான்" என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் பாத்திரத்தை எல்லாம் டம் டம்மென்று போட்டேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு மார்க்.

அக்டோபர் 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சி செக்‌ஷனுக்கு வேறு புத்தகம். தாரிகா அதைப் பையிலேயே வைத்து ஜிப் போட்டிருக்கிறாள். பகலெல்லாம் அது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. சி செக்‌ஷனில் வீட்டில் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம், கேட்பவர் குறுக்கே பேசக் கூடாதாம். இந்தக் கடைசி விதியை மிஸ் சொன்னாரா, இவளே சேர்த்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து வாசித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக, விரலை வைத்து. ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை முட்டினாள். எனக்கு அது தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. காயை நறுக்கினேன். நறுக்க வேண்டியதற்கும் மேலேயே பொடியாக நறுக்கினேன். நாலாவது தடவை அவளே பிடித்துவிட்டாள்.

கதை இதுதான். மழையே பெய்யாத ஒரு ஊர். கிணறு, குளம், ஓடை எல்லாம் வற்றிவிட்டது. அங்கே ஒரு வீட்டு ஆடு தினம் காலையில் மலைப்பக்கம் மேயப் போகிறது. சாயங்காலம் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து வருகிறது. ஊரே கூடி நின்று பார்க்கிறது. அடுத்த நாள் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று அந்த வீட்டுப் பெண் கிளம்புகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏஞ்சாமி, இன்னும் ஒரு பக்கம்."

"இவ்வளவுதான் இன்னிக்கி."

"எங்கதான் போயிட்டு வருது அந்த ஆடு? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் இதுவரைக்குந்தான் படிச்சிருக்கேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீ என்ன நெனைக்கற?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். மலைக்குப் பின்னால் ஏதாவது சுனை இருக்கும் என்றேன். சுனை இருந்தால் மற்ற ஆடும் நனையுமே என்றாள். இவர் கடையிலிருந்து வந்து, என்ன ஆடு, யார் ஆடு என்று தானும் உட்கார்ந்துகொண்டார். குழம்பு எட்டரைக்குத்தான் கொதித்தது. ஆடு எங்கே போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.